மலையில் குடியேறப் போகிறீர்களா? நவம்பரில் போய் வீடு பாருங்கள்

மே மாதம் குன்னூரில் நின்றால் யாருக்கும் ஒரே எண்ணம்தான் வரும்: இங்கேயே இருந்துவிட்டால் என்ன? கீழே மேட்டுப்பாளையத்தில் வெயில் கொளுத்த, மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடிப்பது சுகம்தான். நானும் என் மனைவியும் அப்படி ஒரு மே மாதத்தில்தான் முடிவெடுத்தோம். அம்பத்தூர் வீட்டை வாடகைக்கு விட்டோம், சாமான்களை ஏற்றினோம், குன்னூர் போனோம். ஏழே மாதத்தில் அந்த வீட்டைக் காலி செய்தோம். இப்போது கோத்தகிரிப் பக்கம் நான்காவது வருடம் ஓடுகிறது.

அந்த முதல் வீடு எங்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் நஷ்டம், என் மனைவிக்கு மூன்று மாத இருமல். மலை மேல் எந்தக் குற்றமும் இல்லை. மலையின் நல்ல மாதத்தைப் பார்த்து முடிவெடுத்ததுதான் பிசகு. அதனால் கீழே வரும் எல்லாப் படிகளிலும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன்: நவம்பரில் இது எப்படி இருக்கும்?

1. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு மலை

வரைபடத்தில் மலையைத் தேடாதீர்கள். இதய அடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் ராத்திரி இரண்டு மணிக்குச் சிகிச்சை தரக்கூடிய பெரிய மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து எத்தனை மணி நேரத்தில் மலையேறலாம் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

கிலோமீட்டர் கணக்கு மலையில் செல்லாது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், ஆனால் இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும். அங்கிருந்து கோவைக்கு இன்னும் ஒரு மணி. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கியதும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் பெரிய ஊர், அதனால் வயதானவர்களுக்கு ஏற்காடு இந்த ஒரு விஷயத்தில் நீலகிரியை விட மேல். கொடைக்கானலிலிருந்து மதுரைக்குச் சுமார் 120 கிலோமீட்டர். வளைவும் இறக்கமும் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. கொல்லிமலையில் 70 வளைவு, வால்பாறையில் 40. வால்பாறையின் அழகுக்குக் குறைவில்லை. ஆனால் பொள்ளாச்சி போய்ச் சேர 64 கிலோமீட்டர் மலைப்பாதையும் காடும் தாண்ட வேண்டும். ஐம்பது வயதில் போகலாம், எழுபது வயதில் வேண்டாம்.

உங்கள் உடம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். உதகையும் கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேல். கோத்தகிரியும் குன்னூரும் 1,800 மீட்டரை ஒட்டி. ஏற்காடு 1,500 சொச்சம், ஏலகிரி 1,100 சொச்சம். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் கோளாறு, இதய பலவீனம் உள்ளவர்கள் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லியே கேளுங்கள். “மலைக்குப் போகலாமா” என்று பொதுவாகக் கேட்டால் “தாராளமாக” என்றுதான் பதில் வரும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. குளிரில் ரத்த அழுத்தம் ஏறும் என்பதால் எனக்கு முதல் குளிர்காலத்திலேயே மாத்திரையின் அளவை மாற்றினார்கள்.

2. எந்த மழை எந்தப் பக்கம் பெய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே மலைக்கு இரண்டு முகம். நீலகிரியின் மேற்குப் பக்கம், அதாவது கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைந்து ஊறும். கிழக்குப் பக்கமான குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அடி விழுவது அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையில். கொடைக்கானலுக்கும் பெருமழை அப்போதுதான்.

2009 நவம்பரில் கேத்திப் பகுதியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. குன்னூர், உதகை, கோத்தகிரி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊர்க்காரர்களிடம் “ஒன்பதாம் வருஷ மழையில் இந்த இடம் எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். வயதானவர்கள் கையை நீட்டி, இந்த மேடு நின்றது, அந்த வளைவு போனது என்று காட்டுவார்கள். எந்தப் புரோக்கரும் தராத வரைபடம் அது. அப்புறம் மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவு நிலச்சரிவு அபாயமுள்ள இடங்கள் என்று பட்டியல் வைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். நீங்கள் பார்க்கும் தெரு அதில் இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

3. மலையைத் தேர்ந்தெடுங்கள்

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

உதகை ஓய்வுக்கு ஏற்ற ஊர் அல்ல என்பது என் எண்ணம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது பெரிய பலம். ஆனால் சீசன் நெரிசலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விழும் உறைபனியும் வயதானவர்களுக்குச் சிரமம். குன்னூரில் கடை, வங்கி, பஸ், ரயில் எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஈரம் அதிகம், கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடும் உண்டு. கோத்தகிரி இரண்டுக்கும் நடுவில்: ஊர் சிறியது, கூட்டம் குறைவு, கீழே இறங்கும் பாதையும் ஓரளவு தேவலை. கொடைக்கானலை நான் கடைசியில் விட்டதற்குக் காரணம் மதுரைக்கு இருந்த தூரம் மட்டும்தான். கீழ்ப் பழனி மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி எல்லாம் காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த அமைதியான ஊர்கள், குளிரும் மிதம். யானை நடமாட்டம் உண்டு, ராத்திரியில் வெளியே போகிற வேலை வைத்துக்கொள்ள முடியாது.

சென்னைக்காரர்களுக்கு ஏலகிரி வசதி. ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி 14 வளைவு ஏறினால் போதும். ஆனால் அங்கே “மலைக்குளிர்” என்று எதிர்பார்த்துப் போனால் ஏப்ரலில் ஃபேன் போட வேண்டியிருக்கும்.

மசினகுடிப் பக்கம் நிலம் மலிவு என்று யாராவது சொன்னால் காரணத்தையும் கேளுங்கள். அந்தப் பக்கமாகப் போகும் சீகூர் யானை வழித்தடத்தை அரசு அறிவித்தது செல்லுபடியாகும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. கூடலூர், பந்தலூரில் வேறு சிக்கல். 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில (பழைய பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலங்கள் பலவற்றுக்கு இன்னும் பட்டா கிடையாது. அதில் வீடு கட்டி இருக்கிறவர்களுக்கு மின் இணைப்பே பல காலம் போராட்டமாக இருந்தது. வெளியூர்க்காரர் போய் மாட்டிக்கொள்ள வேண்டிய இடம் இல்லை.

4. வீடு பார்க்க நவம்பரில் போங்கள்

மழை நாளில், முடிந்தால் இரண்டு நாள் தொடர்ந்து பெய்த பிறகு போங்கள். குன்னூரில் நாங்கள் எடுத்த வீட்டை மே மாதம் பார்த்தபோது புதுப் பெயிண்ட் பளிச்சென்று இருந்தது. ஜூலையில் அலமாரியின் பின்பக்கம் கறுப்புப் புள்ளி விழுந்தது. நவம்பரில் என் மனைவியின் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்தால், மடிப்பு ஓரமெல்லாம் பச்சைப் பூஞ்சை. உப்பு ஜாடியில் உப்பு இல்லை, உப்புத்தண்ணீர் இருந்தது. வீட்டுக்காரர் வீட்டை எங்களிடம் தருவதற்கு முந்தின மாதம்தான் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்திருக்கிறார் என்று பிறகு பக்கத்து வீட்டம்மா சொன்னார். “நாங்க சொல்லலாம்னுதான் இருந்தோம் சார், நீங்க அட்வான்ஸ் குடுத்துட்டீங்கன்னாங்க.”

வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கை நம்புங்கள். பீரோவை நகர்த்திச் சுவரைப் பாருங்கள். பாத்ரூம் சீலிங்கைப் பாருங்கள். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் நேராக மண்ணோடு ஒட்டியிருக்கும். அந்த அறை எப்போதும் ஓதம்தான். மண்ணுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்க இடமும் தண்ணீர் ஓடக் கால்வாயும் இருந்தால் நல்ல வீடு.

தடுப்புச் சுவரைக் கட்டாயம் பாருங்கள். அதில் தண்ணீர் வடியக் குழாய்த் துளைகள் இருக்க வேண்டும். மழை நாளில் அவற்றிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தால் சந்தோஷப்படுங்கள். துளை இருந்தும் சொட்டுக்கூட வரவில்லை, ஆனால் சுவர் வயிறு தள்ளியிருக்கிறது என்றால் உள்ளே மண் ஊறிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு நாள் கூடத் தங்க வேண்டாம்.

அப்புறம் படிகள். மலை வீடு என்றாலே சாலைக்கு மேலே அல்லது கீழே. சாலையிலிருந்து வாசல் வரை எத்தனை படி என்று எண்ணுங்கள். எங்கள் முதல் வீட்டுக்கு 64 படி. வருகிறவர்களுக்கெல்லாம் காட்சி அருமை. ஒரு ராத்திரி என் மனைவிக்கு மூச்சுத்திணறல் வந்து 108-ஐ அழைத்தோம், வண்டி சீக்கிரமே வந்தது. ஸ்ட்ரெச்சர் அந்தப் படியில் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மழையில், இரண்டு பேர் தூக்கினார்கள். நான் டார்ச் அடித்துக்கொண்டு பின்னால் போனேன். வாசல் வரை வண்டி வராத வீட்டை இனி நான் பார்க்கவே மாட்டேன்.

காலை வெயில் விழுகிற கிழக்குச் சரிவில் வீடு கிடைத்தால் வாடகை ஆயிரம் இரண்டாயிரம் அதிகமானாலும் எடுங்கள். துணி காயும், சுவர் காயும், மூட்டுவலியும் குறையும்.

தண்ணீருக்கு இரண்டு கேள்வி: குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, மார்ச் ஏப்ரலில் எத்தனை நாளுக்கு ஒரு முறை? இரண்டாவதற்கான பதிலை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்தில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். போர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், நீலகிரியில் ஆழ்துளைக் கிணறுக்கும் பொக்லைன் இயந்திரத்துக்கும் கடும் கட்டுப்பாடு. வண்டியில் தண்ணீர் வாங்குவதானால் அதற்கும் வாசல் வரை பாதை வேண்டும்.

5. அமைதியை ராத்திரியிலும் சனிக்கிழமையிலும் சோதியுங்கள்

அமைதி என்று நாம் தேடிப் போவது பகல் பதினொரு மணி அமைதி. அது எல்லா மலையிலும் இருக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலைகள் ராத்திரியிலும் ஓடும். இலை வாட்டும் மின்விசிறிகளின் ஓசை பள்ளத்தாக்கில் எதிரொலித்துக் காதுக்குள் ரீங்காரம் போல நிற்கும். சிலருக்கு அது தாலாட்டு, எனக்கு இல்லை. பக்கத்து வீடு தங்கும் விடுதியா என்று பாருங்கள். வாரநாளில் பூட்டியிருக்கும், சனிக்கிழமை மாலை ஸ்பீக்கரோடு நாலு கார் வந்து நிற்கும். மே மாதத்தில் பிரதான சாலையை ஒட்டிய வீட்டில் காலையிலிருந்து ஹாரன்தான்.

அதற்காக ஒரேயடியாக ஒதுக்குப்புறமாகவும் போய்விடாதீர்கள். தனி வீட்டில் அமைதி மட்டும் இருக்காது, கரடியும் வரும். எண்ணெய் வாசனைக்குச் சமையலறைக் கதவை உடைத்துக்கொண்டு வருகிற கரடிகள் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் சகஜம். காட்டெருமை வாசலில் நின்று இலையைத் தின்றுகொண்டிருக்கும். விரட்டப் போகக் கூடாது, அதுவாகப் போகிற வரை உள்ளேயே இருக்க வேண்டும். பலாப்பழக் காலத்தில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் குஞ்சப்பனைச் சாலையில் யானைகள் இறங்கும். அதனால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஐந்தாறு வீடுகள், நடந்து போகிற தூரத்தில் ஒரு மளிகைக்கடை, ஒரு மருந்துக்கடை. இதுதான் என் கணக்கில் சரியான அமைதி.

6. ஒரு முழு வருடம் வாடகைக்கு இருங்கள்

வீட்டை விற்றுவிட்டு வராதீர்கள். கீழே இருக்கிற வீட்டை வாடகைக்கு விடுங்கள், மேலே வாடகைக்கு எடுங்கள், ஒரு தென்மேற்கு, ஒரு வடகிழக்கு, ஒரு பனிக்காலம், ஒரு சீசன் நான்கையும் பாருங்கள். எங்களோடு குடியேறிய மூன்று குடும்பங்களில் இரண்டு குடும்பம் இறங்கிவிட்டது. ஒருவர் குளிரால், இன்னொருவர் பேச்சுத்துணை இல்லாமல். வாங்கியிருந்தால் அவ்வளவு சுலபமாக இறங்கியிருக்க முடியாது. மலை வீடு விற்பதற்கு ஆறு மாதமும் ஆகும், இரண்டு வருடமும் ஆகும்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நாங்கள் முதல் வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸை எந்தக் காகிதமும் இல்லாமல் கையில் கொடுத்தோம். திரும்பி வந்தது பாதிக்கும் குறைவு. மீதிக்குச் “சுவர்ச் சேதம்” என்று கணக்கு. பூஞ்சைக்கு நாங்களே காரணமாம்!

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் கேட்டு வாங்குங்கள்: ஓதமோ ஒழுகலோ வந்தால் சரிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு, சரிசெய்யாவிட்டால் ஒரு மாத முன்னறிவிப்பில் முழு முன்பணத்தோடு வெளியேறலாம். இந்த வரிகளுக்கு முகம் சுளிப்பவரின் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

7. வாங்குவதென்றால்: காகிதங்கள்

இதில் அவசரமே கூடாது. இரண்டு மாதம் இதற்கென்றே ஒதுக்குங்கள். அந்த ஊரிலேயே தொழில் செய்கிற வழக்கறிஞரைப் பிடியுங்கள், சென்னை வழக்கறிஞருக்கு மலைச் சட்டங்கள் பரிச்சயமிருக்காது.

மூலப்பத்திரம், அதிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை தொடர்ச்சியான பத்திரங்கள், குறைந்தது முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகல், புல வரைபடம், வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதியும் வரைபடமும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். இணையத்தில் இல்லாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும். பட்டாவையும் அ-பதிவேட்டையும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் நீங்களே எடுத்துப் பாருங்கள். விற்பவர் தரும் ஜெராக்ஸை மட்டும் நம்ப வேண்டாம்.

இவை எந்த ஊருக்கும் பொதுவானவை. மலைக்கென்று தனியாகக் கண்ணிகள் உண்டு.

நிபந்தனைப் பட்டா ஒரு கண்ணி. பழங்குடி மக்களுக்கும் ஆதிதிராவிடர்களுக்கும் அரசு ஒப்படைத்த நிலங்களை மற்றவர்கள் வாங்க முடியாது. ஏற்காடு, கொல்லிமலை மாதிரி இடங்களில் “பவர் பத்திரம் போட்டுக்கலாம், அனுபவ பாத்தியதை போதும்” என்று பேசுவார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஓர் ஏழைக் குடும்பத்தின் நிலம் அது, அதில் போய் ஓய்வுக்கால வீடு கட்டுவானேன்?

பிரிபடாத பாகம் இன்னொன்று. பெரிய தோட்டத்தை வாங்கி, மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்காமல், “பத்து ஏக்கரில் நாற்பதில் ஒரு பாகம் உங்களுக்கு” என்று பத்திரம் போட்டுக் கொடுப்பார்கள். உங்கள் பாகம் எது என்று பத்திரத்தில் இருக்காது. கட்டட அனுமதிக்குப் போகும்போதுதான் தலையில் இடி விழும்.

மூன்றாவது, தனியார் காடு. 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தை அனுமதி இல்லாமல் விற்கவோ வாங்கவோ கூடாது. பட்டா இருக்கும், வரி ரசீது இருக்கும், ஆனாலும் செல்லாது. சர்வே எண்ணை எழுதிக்கொண்டு வனத்துறை அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள். நாங்கள் கிட்டத்தட்ட முன்பணம் கொடுத்துவிட்ட ஒரு மனை தனியார் காட்டில் வருகிறது என்பது இப்படித்தான் கடைசி நேரத்தில் தெரியவந்தது. கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது வேணாம் சார்” என்று மூடிவிட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

வழியும் முக்கியம். மனைக்குப் போகும் பாதை தோட்டக்காரரின் சொந்தப் பாதையாக இருக்கலாம். “எல்லாரும் போறாங்க சார்” என்பது உரிமை ஆகாது. வண்டிப்பாதை உரிமை பத்திரத்தில் அகலத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

8. கட்டுவதென்றால்

என் யோசனை, கட்டாதீர்கள். அனுமதியோடு கட்டிய பழைய வீட்டை வாங்கிப் பழுது பாருங்கள். சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்றால் இதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைகளின் கிராமங்கள் பல 1990-இல் அமைந்த மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகின்றன. ‘ஹாக்கா’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அங்கே கட்டுவதற்கு உள்ளாட்சி மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. வனத்துறை, வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கத்துறை என்று தடையின்மைச் சான்றுகள் வர வேண்டும். சரிவு அதிகமிருந்தால் மறுப்பார்கள், மறுப்பதும் நியாயம்தான். நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு நெடுங்காலமாக உண்டு. மனு போடும் நாளில் என்ன விதி என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மனையில் நிற்கும் மரத்தை வெட்டவும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். மரம் உங்கள் பட்டாவில்தான் நிற்கிறது என்ற வாதம் எடுபடாது.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு எல்லா அனுமதியும் வந்து சேர ஒன்றேகால் வருடம். அதன்பின் மழைக்காலத்தில் வேலை நடக்காது, மணலும் செங்கல்லும் கீழேயிருந்து ஏற வேண்டும். சமவெளிச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

9. கையில் எவ்வளவு இருக்க வேண்டும்

பத்திரச் செலவில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, விற்பனை விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கு. 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து நீங்கள் கட்ட வேண்டும். மறந்தால் அபராதம் உங்களுக்குத்தான். வழக்கறிஞர், சர்வேயர், புரோக்கர் எல்லாம் சேர்த்து நான் விலையில் 12 சதவீதம் தனியாக எடுத்து வைத்தேன், கொஞ்சம் மிஞ்சியது.

மாதச் செலவில் காய்கறி மலிவு என்று நினைத்தோம். கேரட்டும் முட்டைக்கோசும் மலிவு, தக்காளியும் வெங்காயமும் கீழேயிருந்து ஏறி வருகின்றன. கீசரும் ரூம் ஹீட்டரும் ஓடுகிற மாதங்களில் மின் கட்டணம் அம்பத்தூர் ஏசி பில்லை எட்டிப் பிடித்துவிட்டது. கோவைக்கு டாக்டரைப் பார்க்கப் போய்வர டாக்சிக்கு மூவாயிரத்துக்கு மேல் ஆகிறது. மாதம் ஒரு முறை போகிறவர்கள் அதை வாடகையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். மருந்து எப்போதும் ஒன்றரை மாதத்துக்கு இருப்பு. அக்டோபர் முதல் வாரத்தில் கூடுதலாக அரிசி, பருப்பு, ஒரு நிரம்பிய சிலிண்டர், டார்ச், இரண்டு நாளாவது தாங்குகிற இன்வெர்ட்டர். மண் சரிந்து சாலை மூடினால் ஒரு நாளில் திறப்பார்கள், சில சமயம் மூன்று நாள் ஆகும்.

10. முகவரியை மாற்றுங்கள், இ-பாஸை மறக்காதீர்கள்

வாடகை ஒப்பந்தம் பதிவானதும் ஆதார், ரேஷன் அட்டை, எரிவாயு இணைப்பு, வங்கி, வாக்காளர் பட்டியல் என்று வரிசையாக மாற்றுங்கள். வாக்காளருக்குப் படிவம் 8. முதலில் ஆதார், அது மாறினால் மற்றவை சுலபம்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ்வுச் சான்று தர வேண்டிய மாதம் எது? நவம்பரேதான். மழையில் வங்கிக்கு அலைய வேண்டாம், ஜீவன் பிரமாண் செயலியில் கைபேசியிலேயே முகத்தைக் காட்டி முடித்துவிடலாம். குளிரில் விரல் வறண்டு ரேகை விழாமல் நான் ஒரு வருடம் கஷ்டப்பட்டேன், முகப்பதிவில் அந்தத் தொல்லை இல்லை.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தினார்கள். நீலகிரிப் பதிவெண் வண்டிக்கு இது தேவையில்லை. சென்னைப் பதிவெண் காரோடு குடியேறுகிறவர்கள் உள்ளூர் முகவரிச் சான்றை வண்டியிலேயே வைத்திருங்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மே விடுமுறைக்கு வருவதானால் முன்கூட்டியே பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். என் மகள் குடும்பம் ஒரு சனிக்கிழமை கல்லாறு சோதனைச்சாவடியில் ஒரு மணி நேரம் நின்றது. கூடவே வந்த சின்னத் தண்ணீர் பாட்டில்களையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள், பிளாஸ்டிக் தடை.

11. சாமான் ஏற்றும் நாள்

பிப்ரவரி, மார்ச்சில் ஏறுங்கள். மழை இருக்காது, சீசன் நெரிசல் தொடங்கியிருக்காது, வீட்டில் ஏதாவது கோளாறு இருந்தால் மழைக்கு முன் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

சென்னையிலிருந்து வருகிற பெரிய லாரி உங்கள் வாசலுக்கு வராது, வளைவில் திரும்பாது. மேட்டுப்பாளையத்திலோ கோத்தகிரி ஊருக்குள்ளோ நிறுத்தி, இரண்டு பிக்கப் வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டும். இதை லாரிக்காரரிடம் முன்பே பேசி, மாற்று வண்டி வாடகையும் இறக்குகூலியும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். நாங்கள் பேசவில்லை. மூன்று கதவு மர பீரோ சாலையோரத்தில் ஒரு ராத்திரி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. மறுநாள் காலையில் நாலு பேர் வந்து தூக்கிப் பார்த்தார்கள், வாசலில் நுழையவில்லை. கடைசியில் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) ஒரு தச்சர் வந்து அதை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார். பீரோவை அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.